சுவரில் பூஞ்சை: கடலோர ஊர் வீடுகளுக்கான கேள்வி பதில்

அடைமழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் பெயின்டர் கிடைப்பது கஷ்டம். பொங்கலுக்குள் சுவர் பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் கறுப்புத் திட்டுகளின் மேலேயே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் அதே கறுப்பு. ஈரம் ஏறிய கட்டடங்களைப் பார்த்துக் காரணம் சொல்வதும், பூஞ்சையை அகற்றுவதும் என் வேலை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியது. புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சுவரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருக்கிறது. இது பூஞ்சைதானா?

பல வீடுகளில் அது பூஞ்சை இல்லை, உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. நனைந்து அப்படியே கிடந்தால் பூஞ்சை. விரலால் தேய்த்தால் உப்பு நறநறவென்று உதிரும். பூஞ்சை மாவு போல ஒட்டும், இழுபடும், பரணில் கிடந்த பழைய புத்தகக் கட்டு மாதிரி வாசனை வரும்.

உப்பு பெரும்பாலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் பூக்கும். மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. ஈரம் ஆவியாகிவிடும், உப்பு பூச்சிலேயே தங்கிவிடும். கொத்தனார்கள் ‘ஓதம் ஏறியிருக்கு’ என்று சொல்வது இதைத்தான். அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. என்ற ஈரத்தடுப்பு அடுக்கு போடாத பழைய வீடுகளில் இது சகஜம். உப்பும் பூஞ்சையும் ஒரே சுவரில் சேர்ந்திருப்பதும் உண்டு. இரண்டுக்கும் மூலம் ஈரம்தான். ஆனால் வைத்தியம் வேறு, அதனால் முதலில் எது எது என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

கறுப்பாக இருக்கிறதே, கொரோனா காலத்தில் கண்ணைப் பறித்த கருப்புப் பூஞ்சையா இது?

இல்லை. இந்தப் பயத்தோடு வரும் போன்கள் 2021-க்குப் பிறகு நின்றபாடில்லை. அப்போது பரவலாகப் பேசப்பட்டது மியூகோர்மைகோசிஸ் என்ற நோய். ரைசோபஸ் போன்ற பூஞ்சைகளால், பெரும்பாலும் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களுக்கும் வந்தது. தாக்கப்பட்ட தசை செத்துக் கறுத்துப் போவதால்தான் அந்தப் பெயர். சுவரில் தெரியும் கறுப்பு பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகைகள்.

ஜிப்சம் போர்டின் காகிதம், பிளைவுட், அட்டை போன்றவை நாள்கணக்கில் ஊறிக் கிடந்தால் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற வகையும் வரும். வெளிநாட்டு வீடியோக்கள் ‘விஷப் பூஞ்சை’ என்று பயமுறுத்துவது இதை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1990-களில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக் கசிவு ஏற்பட்டபோது இதன்மேல் சந்தேகம் விழுந்தது. அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2000-இல் அறிவித்தது. நிறத்தை வைத்து ஆபத்தை எடை போட முடியாது. கறுப்போ பச்சையோ வெள்ளையோ, எல்லாவற்றையும் அகற்றத்தான் வேண்டும்.

அப்படியானால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதா?

செய்யும். தும்மல், மூக்கடைப்பு, விடாத இருமல், கண் அரிப்பு. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது கூடும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் மூச்சு சம்பந்தமான தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. அந்தப் பூஞ்சையே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பெற்றோர் பல முறை புகார் செய்திருந்தார்கள், பெயின்ட் அடித்து மறைக்கச் சொல்லித்தான் பதில் வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, ‘மேலே ஒரு கோட்டிங் குடுத்துடலாம் சார்’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் வேலை முடியும்வரை அவர்களை வேறு வீட்டில் தங்க வையுங்கள். டாக்டரிடம் வீட்டு நிலைமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்று முறை பெயின்ட் அடித்துவிட்டோம். ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தண்ணீர் வரும் வழி அடைபடவில்லை, அதனால். பூஞ்சை விதை எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது. சாப்பாடும் எப்போதும் இருக்கிறது: தூசி, பெயின்ட், மரம், காகிதம், துணி. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். என் வேலையில் முக்கால்வாசி நேரம் போவது பூஞ்சையைச் சுரண்டுவதில் இல்லை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று துப்பறிவதில்.

வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. ஹாலில் டி.வி. மாட்டிய சுவரின் மேல்மூலையில் வருஷம் முழுக்கக் கறுப்பு. மழை ஒழுகல் என்று முடிவு கட்டி, மொட்டை மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் போட்டிருந்தார்கள். வீடு இருப்பதோ இரண்டாவது மாடி, மேலே இன்னும் இரண்டு தளம். மழையே இல்லாத சித்திரையிலும் அந்த மூலை ஈரமாக இருந்தது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மேல் வீட்டுக் குளியலறை ‘சங்கன் ஸ்லாப்’, அதாவது தளத்தைப் பள்ளமாக விட்டு, குழாய்களைப் போட்டு, மேலே செங்கல் ஜல்லி நிரப்பி டைல்ஸ் ஒட்டிய அமைப்பு. நஹானி டிராப்பை, அதாவது தரையில் குளித்த தண்ணீர் இறங்கும் வடிகால் வாயைச் சுற்றி அடைத்த சிமென்ட் விட்டுப்போய், குளிக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நிரப்பலுக்குள் இறங்கித் தேங்கியிருந்தது. அடைப்பைப் போட்டு, வண்ணப் பொடி கலந்த தண்ணீரை மேலே ஒரு நாள் கட்டி நிறுத்தினோம். மறுநாள் கீழ்வீட்டு மூலையில் வண்ணம் தெரிந்தது. மாடி வாட்டர்ப்ரூஃபிங்குக்குக் கொட்டிய பணம் முழுக்க வீண்.

காலத்தைக் கவனியுங்கள். மழைக்கு மட்டும் வந்தால் மாடி, சன்ஷேட், வெளிச்சுவர் விரிசல், மழைநீர்க் குழாய். வருஷம் முழுக்க வந்தால் குழாய், குளியலறை, சமையலறை சிங்க். தரையோரம் வந்தால் ஓதம். இது எதுவும் இல்லாமல் வந்தால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

ஒழுகலே இல்லை. பீரோவுக்குப் பின்னாலும் பெட்ரூம் சுவரிலும் வருகிறதே?

காற்றிலிருந்து வருகிறது. சென்னைக் காற்று 30 டிகிரி வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதத்தோடு இருப்பது சாதாரண விஷயம். அந்தக் காற்று 25 டிகிரி உள்ள பரப்பைத் தொட்டால் போதும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் போல வியர்க்க ஆரம்பிக்கும். அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். சுவர் 29 டிகிரிக்கு இறங்கினாலே சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் ஆகிவிடும். பல பூஞ்சைகளுக்கு அதுவே தாராளம். சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணில் படாது.

இரவு முழுக்க 20, 21 டிகிரியில் ஏ.சி. ஓடுகிறது. காலையில் எழுந்ததும் நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கிறோம். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் பீரோவிலும் மெத்தையிலும் படிகிறது. இன்னொன்றும் உண்டு: ஏ.சி. ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவில் இருப்பது நாலரை அங்குலச் சுவர். அது குளிர்ந்துபோய், ஏ.சி. இல்லாத அந்தப் பக்கத்தில் பூஞ்சை பூக்கும். பூஜை அறையில் எப்படி வந்தது என்று திகைப்பார்கள், விடை சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் ஏ.சி.யில் இருக்கும்.

ஏ.சி.யை 25, 26-இல் வையுங்கள், கூடவே ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள். அணைத்ததும் ஜன்னலைத் திறக்காமல், சுவர் கொஞ்சம் வெப்பமேறும்வரை விடுங்கள். அறைக்கு அளவுக்கு மீறிய பெரிய ஏ.சி. போட்டால் சீக்கிரம் குளிர்ந்து நின்று நின்று ஓடும், ஈரத்தைப் போதுமான அளவு உறிஞ்சாது. பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள். மழை நாளில் ரூமுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டால், துணியிலிருந்து போகும் தண்ணீர் அத்தனையும் சுவருக்குத்தான் போகும்.

ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடச் சொல்கிறார்களே எல்லோரும்?

குளிர்நாடுகளுக்கு அது சரியான யோசனை. அங்கே வெளிக்காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பல நாட்கள் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதை உள்ளே விட்டு எதைக் காயவைப்பது? சின்னதாக ஈரப்பதமானி ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள், விலை அதிகமில்லை. உள்ளே 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு. தை, மாசி மத்தியான வெயிலில் தாராளமாகத் திறந்துவிடலாம். சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் எந்தக் காலத்திலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தால் போகாதா?

டைல்ஸ், கண்ணாடி மேல் போகும். பூச்சிலும் மரத்திலும் நிறம்தான் வெளுக்கும். குளோரின் மேற்பரப்பிலேயே நின்றுவிட, அது கலந்த தண்ணீர் உள்ளே இறங்கி வேருக்கு ஈரம் ஊட்டும். செத்த பூஞ்சையும் அலர்ஜி கொடுக்கும் என்பதால் கொன்றால் மட்டும் போதாது, எடுத்தாக வேண்டும். முக்கியமாக, பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

சாம்பிராணி, கற்பூரம், வேப்பிலை?

வாசனை மாறும். சுவர் காயாது.

எதுவரை நாமே செய்யலாம்?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு 10 சதுர அடி. சுமாராக மூன்றடிக்கு மூன்றடி. அதற்குள் இருந்து, காரணமும் தெரிந்து, வீட்டில் நோயாளிகள் இல்லை என்றால் நீங்களே செய்யலாம். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, மூடிய கண்ணாடி போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

பரப்பு அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, சாக்கடைத் தண்ணீர் கலந்திருந்தாலோ, ஃபால்ஸ் சீலிங், ஏ.சி. டக்ட் இவற்றுக்குள் இருந்தாலோ தொழில்முறை ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அவர்கள் வந்து என்ன செய்வார்கள்? செய்ய வேண்டும்?

முதலில் மீட்டரோடு வர வேண்டும், மருந்து டப்பாவோடு இல்லை. ஈரமானியைச் சுவரில் கட்டம் கட்டமாக வைத்துப் பார்த்து, காய்ந்த சுவர் ஒன்றின் அளவோடு ஒப்பிட்டு, ஈரம் எங்கே உச்சத்தில் இருக்கிறது என்று குறிப்பார்கள். கசிவைச் சரிசெய்யும் வேலை முடிந்த பிறகே பூஞ்சை வேலை.

அடுத்து அறையைத் தனிமைப்படுத்துவது. சென்னையில் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடும் கட்டம் இது, என் பார்வையில் மொத்த வேலையின் உயிரும் இதுதான். பூஞ்சை பூத்த பூச்சைக் கொத்தும்போது கோடிக்கணக்கில் விதை பறக்கும். ஒரு ரூமில் இருந்ததை வீடு முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும். 150 மைக்ரான் பாலிதீன் ஷீட்டால் வாசலையும் ஏ.சி. வாயையும் மூடி டேப் ஒட்டி, ஹெப்பா என்ற, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய காற்றிழுக்கும் மெஷின் வைத்து அறைக்காற்றை வெளியே தள்ள வேண்டும். அப்போது அறைக்குள் அழுத்தம் குறைந்து, காற்று வெளியிலிருந்து உள்ளே மட்டும் போகும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மெஷினே வேண்டாம்: பாலிதீன் உள்பக்கமாகக் குழிந்து நிற்க வேண்டும், ஒட்டிய ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே போக வேண்டும்.

பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே உப்பிய பட்டி, பொரிந்த பூச்சு, ஊறிய பிளைவுட்டைப் பெயர்த்து, உள்ளேயே பையில் கட்டி வெளியே கொண்டுபோவார்கள். மிஞ்சிய பரப்பை ஹெப்பா வேக்குவத்தால் இழுத்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மறுபடி வேக்குவம். பூஞ்சை விதை பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான் அளவு, ஹெப்பா 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். வீட்டில் இருக்கும் சாதாரண வேக்குவம் பின்பக்கமாக எல்லாவற்றையும் ஊதிவிடும்.

கடைசியில் உலர்த்துவது. ஈரநீக்கி மெஷினை வைத்து, ஜன்னலை மூடி, நாள்கணக்கில் ஓடவிட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். ஊறிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் காய வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மீட்டர் சொல்லும்வரை பட்டி பார்க்கக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் புகை அடித்துக் கொன்றுவிடுகிறோம் என்கிறார்களே?

வேண்டாம். ஈரமும் இருக்கும், செத்த பூஞ்சையும் இருக்கும், உங்கள் பணம் மட்டும் இருக்காது.

காற்றுப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் தேவையில்லை. எந்த வகை என்று தெரிந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான். இத்தனை விதை இருந்தால் ஆபத்து, இத்தனைக்குக் கீழே பாதுகாப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் கிடையாது. வாசனை மட்டும் வருகிறது, இடம் தெரியவில்லை, அல்லது ஆஸ்பத்திரிக் கட்டடம் என்றால் எடுக்கலாம். அப்போதும் வெளிக்காற்றில் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடாத ரிப்போர்ட்டால் பயனில்லை.

வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் என்ன செய்வது?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால், தண்ணீர் வடிந்த அன்றே தொடங்குங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். வந்தது சாக்கடை கலந்த தண்ணீர், அதனால் மெத்தை, தலையணை, சோபா பஞ்சு எல்லாம் போகட்டும். துக்கமாகத்தான் இருக்கும், கல்யாணத்துக்குச் செய்த இலவம் பஞ்சு மெத்தையாக இருந்தாலும் போகட்டும். பிளைவுட் அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றுங்கள், தண்ணீர் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஓரடி மேல்வரை பெயின்டையும் பட்டியையும் சுரண்டிவிடுங்கள், சுவர் மூச்சு விடட்டும். மெருகான எமல்ஷன் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும்.

தேக்குச் சாமான், ஸ்டீல், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். முக்கியமான பத்திரங்கள் நனைந்திருந்தால், பிரிக்கப் போராடாமல் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை வளராமல் நிற்கும், நிதானமாக ஒவ்வொன்றாகக் காயவைக்க அவகாசம் கிடைக்கும். பட்டுப் புடவையில் லேசாகப் பூத்திருந்தால் நிழலில் ஆறவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டி, டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

வேலை சரியாக முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாலிதீனைப் பிரிப்பதற்கு முன் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். கண்ணுக்குத் திட்டு எதுவும் தெரியக் கூடாது, கறுப்புத் துணியால் துடைத்தால் தூசி ஒட்டக் கூடாது, ஊறல் வாசனை வரக் கூடாது, மீட்டர் அளவு காய்ந்த சுவரின் அளவுக்கு வந்திருக்க வேண்டும். முதல் நாள் அளவுகளையும் கடைசி நாள் அளவுகளையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் வேலையே கொடுக்க வேண்டாம். முடிந்தால் காரணம் கண்டுபிடிக்க ஒருவர், அகற்ற வேறொருவர் என்று வையுங்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரே வேலையில் இரண்டையும் ஒருவரே செய்வதைச் சட்டமே தடுக்கிறது.

பிறகு எந்த பெயின்ட் அடிப்பது?

பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் காய்ந்த சுவருக்குக் கூடுதல் காவல், ஈரச் சுவருக்கு அதனால் லாபமில்லை. எனக்குப் பிடித்தது பழைய சுண்ணாம்பு. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல், பூஞ்சை அதில் கால் ஊன்றாது. சுவரின் ஈரத்தையும் வெளியே விடும். காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் காரம் குறைந்துகொண்டே வரும். வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் வழக்கம் இந்த வகையில் மிகப் பொருத்தமானது. ஒன்று மட்டும்: எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது, அடிவரை சுரண்டினால்தான் பிடிக்கும்.

வெளிநாட்டில் இருக்கிறோம். வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது.

அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், துணிகளையும் தோல் பொருட்களையும் கூடியவரை எடுத்துவிடுங்கள். ஈரநீக்கியை 60 சதவீதத்தில் வைத்து, அதன் குழாயை நேராகக் குளியலறை வடிகாலில் விட்டுவிட்டால் தொட்டி நிரம்பி நிற்காது. வாட்டர் மெயினை மூடிவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் இருமுறை யாராவது போய்ப் பார்க்க வேண்டும், இதற்கு மாற்று இல்லை.

மேல் வீட்டுக்காரர் தன் குழாயில் கசிவே இல்லை என்கிறார். என்ன செய்வது?

வாய்ச் சண்டைக்குப் போகாதீர்கள். தேதியோடு போட்டோ எடுங்கள், மீட்டர் அளவைக் குறித்து வையுங்கள், அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள். பிறகு ‘உங்க பாத்ரூமை ரெண்டு நாள் உபயோகிக்காம இருக்க முடியுமா, என் செலவுலயே பார்த்துடறேன்’ என்று கேளுங்கள். இரண்டு நாளில் உங்கள் சுவரின் அளவு குறையத் தொடங்கினால் அதையே காட்டலாம். குறையாவிட்டாலும் கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, சங்கன் ஸ்லாப்பில் தேங்கியது வடிய நாளாகும். அப்போது வண்ணத் தண்ணீரைக் கட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையின்போது அவரையும் கூடவே நிற்க வையுங்கள். கீழே வண்ணம் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு மறுத்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.